ஏவலும் சார்பும்

உலகின்கண் பிறரைச் சாராது தனித்து வாழ்வார் ஒருவரும் இலர். உழவன் கொழுவுக்குக் கொல்லனைச் சார்வான். கொல்லன் சோற்றுக்கு உழவனைச் சார்வான். எழுத்துக்களிடத்தும் இந்நிலை உண்டெனக் கண்ட நம் இலக்கண ஆசிரியர்கள், முதலெழுத்தின் வேறாகச் சார்பெழுத்தென ஒருவகை வகுத்தனர். தொல்காப்பியர் அவற்றை மூன்றென்றார், நன்னூலார் பத்தென்றார். தொகை வேறுபடினும் இருவரும் செய்தது ஒன்றே: எது எதனைச் சார்ந்து நிற்கின்றது என்பதை மறையாது வெளிப்படக் கூறினர். கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரும் இவ்வொழுக்கத்தையே மேற்கொள்ளல் வேண்டும் என்பது யான் ஈண்டு நிறுவப்புகும் கருத்தாகும். தமிழ் பயில்வோனுக்கு நிரலோடு என்ன தொடர்பு என்று நகைப்பாரும் உளர். அவர்க்கு என் பிழையொன்றையே விடையாகத் தருகின்றேன்.

சென்ற ஆண்டு, ஒரு நூலில் எவ்வெழுத்து எத்துணை முறை வருகின்றது என எண்ணிக் கூறும் சிறு நிரலொன்றை எழுதினேன். அது கட்டளைவரியில் இயங்குவது. அஃதாவது, திரையில் ஏவற்சொல் ஒன்றைத் தட்டினால் விடையும் எழுத்தாகவே வரும். படமும் பொத்தானும் அதில் இல்லை. அது தந்த எண்களைக் கொண்டு நம் தமிழ் மன்றத்தில் கட்டுரையும் படித்தேன். பின்னர் நண்பரொருவர் அந்நூலின் வேறொரு மின்படியைத் தந்து எண்ணச் சொன்னார். இரண்டு படிகளுக்கும் சொல்லுக்குச் சொல் வேறுபாடில்லை, கணக்கோ வேறுபட்டது. மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, யான் முன்னர்க் கூறிய எண்கள் பிழையென ஒப்புக்கொண்டேன்.

பிழையின் காரணம் இது. யூனிக்கோடு முறையில் 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆயின் அவ்வோரெழுத்து ஒரு படியில் இரண்டு குறியீடாகவும் மற்றொரு படியில் மூன்று குறியீடாகவும் நிற்கும். பழைய மின்னூல்கள் பல டிஸ்கி போன்ற வேறு முறைகளில் அமைந்தவை. அவற்றில் கொம்பு மெய்க்கு முன்னே நிற்கும். யூனிக்கோட்டிலோ பின்னே நிற்கும். தமிழ்நாட்டு அரசு 1999-ஆம் ஆண்டில் டாம், டாப் என்னும் முறைகளை வகுத்தது. 2010-ஆம் ஆண்டில் யூனிக்கோட்டை ஏற்றது. இங்ஙனம் பல முறைகளில் எழுதப்பெற்ற நூல்களை ஒரே நிரல் படிக்க வேண்டியிருக்கின்றது.

இவையெல்லாம் அறியாதது என் முதற்பிழை. அதனினும் பெரிது இரண்டாவது பிழை. எண்ணும் தொழிலுக்கென்று யான் எழுதிய பகுதியே கோப்பையும் திறந்தது. அக்கோப்பு என் கணிப்பொறியில் எவ்விடத்தது என்பதையும் தன்னுள்ளே கொண்டிருந்தது. எழுத்துமுறையையும் தானே முடிவு செய்தது. விடையையும் தானே அச்சிட்டது. 'கொடி' என்னும் ஒரு சொல்லை மட்டும் அதன் கையிற் கொடுத்து, 'இதில் எத்தனை எழுத்து?' என்று கேட்க வழியே இல்லை. அங்ஙனம் கேட்க இயன்றிருப்பின், பிழை ஒரு நிமிடத்தில் வெளிப்பட்டிருக்கும்.

என் தந்தையார் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் பணிபுரிகின்றவர். யான் நிகழ்ந்ததைக் கூறியபொழுது, "ஏனப்பா, புஷ்ஷைக் கேஜ் போட்டுப் பார்க்காமலா வண்டியில் மாட்டினாய்?" என்று கேட்டார். அவர் கடையும் புஷ் எவ்வண்டியிற் சேரும் என்பது அவர்க்குத் தெரியாது, தெரியவேண்டுவதும் இல்லை. டிராயிங்கில் உள்ள அளவே அவர்க்கு ஆணை. கேஜின் ஒரு முனை துளையில் நுழைதல் வேண்டும். மறுமுனை நுழைதல் கூடாது. அவ்வளவில் தேறிய புஷ் எவ்விடத்தும் பொருந்தும். ஆவடியிலும் இதுவே முறை. அங்கே 1965-ஆம் ஆண்டில் விஜயந்தா என்னும் கவச வண்டி வெளிவந்தது முதல் இன்றுகாறும், வண்டிக்கு வேண்டிய உறுப்பனைத்தும் ஒரே கொட்டகையிற் பிறப்பதில்லை. பிற வண்டிகளுக்கு அங்குள்ள இயந்திரத் தொழிற்சாலையே இயந்திரம் தருகின்றது. உறுப்பு செய்வார் ஒருவர், பொருத்துவார் மற்றொருவர்.

நிரற்கலையில் இம்முறைக்கு டிபெண்டன்சி இஞ்செக்ஷன் என்பது பெயர். மார்ட்டின் பவுலர் என்னும் அறிஞர் 2004-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் எழுதிய கட்டுரை இப்பெயரை நிலைநிறுத்திற்று. சார்பை வெளியிலிருந்து அளித்தல் என இதனைத் தமிழிற் கூறலாம். ஒரு பகுதி தனக்கு வேண்டும் கருவியைத் தானே ஆக்கிக்கொள்ளாது, 'இன்ன கருவி எனக்கு வேண்டும்' என்று தன் வாயிலிலேயே அறிவித்து நிற்கும். அதனை அழைப்பவர் அக்கருவியைக் கொடுப்பர்.

தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. வினையொன்று நிகழ்தற்கு வேண்டுவனவற்றை எட்டெனத் தொகுத்தார் தொல்காப்பியர். நிலமும் காலமும் கருவியும் அவற்றுட் சில. 'எண்ணு' என்னும் ஏவல்வினை இவற்றைத் தன் வயிற்றுள் அடைத்து வைத்திருப்பதில்லை. எதனை, எங்கே, எப்பொழுது, எதனால் என்பவற்றைத் தொடரே தருகின்றது. நிரலும் அங்ஙனமே ஆதல் வேண்டும். நிலம் என்பது கோப்பு இருக்கும் இடம்; காலம் என்பது கடிகாரம்; கருவி என்பது எழுத்துமுறையை மாற்றித் தரும் பகுதி. இம்மூன்றையும் உள்ளே புதைத்த நிரல், எழுதியவன் மேசையில் மட்டுமே உயிர்வாழும்.

இனி, இதற்கென நிரல்நூலகங்கள் பல உள. கூகிள் நிறுவனத்தார் 2007-ஆம் ஆண்டில் ஜாவா மொழிக்கு வெளியிட்ட ஜூஸ் அவற்றுள் ஒன்று. டாட்நெட்டிற்கு மைக்ரோசாப்ட்டே ஒன்று தருகின்றது. 'எழுத்துப் படிப்பான் என்று யாரேனும் கேட்பின் இதனைக் கொடு' என முன்னரே பதிவு செய்துவைத்தால், ஏவல் வந்த அளவில் நூலகமானது எப்பகுதிக்கு எது வேண்டும் என ஆராய்ந்து, வேண்டியவற்றை முறைப்படி ஆக்கி, உரிய கையிற் சேர்க்கும். ஒரே படிப்பானை எல்லாரும் பகிர்வதா, கேட்குந்தோறும் புதிதொன்று ஆக்குவதா என்பதும் நாம் கூறுகின்றபடியே நடக்கும். எண்ணல், தேடல், அகரநிரல் அமைத்தல் எனப் பல ஏவல்களையுடைய கருவிக்கு இஃது பேருதவியாம்.

'நூறு வரி நிரலுக்கு இத்துணை ஆரவாரம் எதற்கு? நுங்கெடுக்கக் கோடரியா?' என்பார் சிலர். அவர் கூற்றில் உண்மை உண்டு. உறுப்புகள் மூன்று நான்கே எனின் நூலகம் வேண்டா. நிரலின் தலைவாயிலில் நாமே ஒவ்வொன்றாக ஆக்கி, கையாலேயே கொடுத்துவிடலாம். அதுவும் சார்பளித்தலே. யூனிக்சு கருவிகள் 1973-ஆம் ஆண்டு முதல் குழாய்வழி ஒன்றன் விடையை மற்றொன்றன் உணவாகப் பெறுகின்றனவே. அவை உணவு எங்கிருந்து வந்தது என்று வினவுவதில்லை.

நூலகத்தாற் குறைகளும் உள. கட்டளைவரி நிரல் ஒரு நொடியிற் பிறந்து மறுநொடியில் மடிவது. உதவிக்குறிப்பை மட்டும் கேட்டவனுக்கு எல்லா உறுப்புகளையும் ஆக்கிவைத்துக் காத்திருக்கச் செய்தல் தகாது. ஏவலுக்கு வேண்டியவற்றை மட்டுமே ஆக்குதல் வேண்டும். மற்றும், ஓர் உறுப்பைப் பதிவு செய்ய மறந்தால், அப்பிழை நிரல் ஓடும்பொழுதே தோன்றுவதும் உண்டு. கோ மொழிக்கு 2018-ஆம் ஆண்டில் வந்த ஒயர் என்னும் கருவி, இணைப்பை ஓட்டத்திற்கு முன்னரே எழுதி முடித்து இக்குறையை நீக்குகின்றது. எவ்வாறாயினும் நூலகத்தின் பெயர் தலைவாயிலில் மட்டுமே வருதல் நன்று. உள்ளுறுப்புகள் அதனை அறியாதிருத்தலே சால்பு. இல்லையேல், ஒரு சார்பை நீக்க வந்தது தானே பெருஞ்சார்பாய் முடியும்.

இவ்விடுமுறையில் என் நிரலைத் திருப்பி எழுதினேன். எண்ணும் பகுதி இப்பொழுது கோப்பை அறியாது. எழுத்துகளை மட்டுமே பெறும். யூனிக்கோட்டுக்கு ஒரு படிப்பான், டிஸ்கிக்கு ஒன்று, சோதனைக்கு ஒரு சொல்லே உடைய பொய்ப்படிப்பான் ஒன்று என மூன்று வைத்தேன். இப்பொய்ப்படிப்பானே என் கேஜ். உறுப்புகள் சிலவேயாதலின் நூலகம் ஒன்றும் கொண்டிலேன்.

மாணவத் தோழர்காள்! நம் துறையில் ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் சொல்லடைவுக்கோ எழுத்தெண்ணுதற்கோ ஒரு நிரல் எழுதுகின்றார். அவர் பட்டம் பெற்றுப் போகுங்கால் நிரலும் அவருடன் போகின்றது. அடுத்து வருபவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றார். ஏடு பெயர்த்தெழுதியோர் தமக்குப் பின்வருவார்க்கென்றே எழுதினர். நாமும் அங்ஙனம் எழுதுவோமாக. பிறரைச் சார்தல் இழுக்கன்று. சார்பை மறைத்தலே இழுக்கு. எதனைச் சார்ந்தோம் என்பதை வாயிலிலேயே எழுதிவைப்பின், நாம் சென்றபின்னும் பிறரொருவர் அக்கருவியை எடுத்து, தம் உறுப்பைப் பொருத்தி, தம் பணியைத் தொடர்வர்.

— இரண்டாம் ஆண்டு மாணவன், தமிழ்ச் சிறப்பு வகுப்பு