நிழலும் நியாயமும்

மரம் நடும் விழாக்களுக்குத் திருச்சி நகரத்தில் குறைவில்லை. எத்தனை கன்று நட்டார்கள் என்ற கணக்கும் தவறாமல் வெளிவருகிறது. எந்தத் தெருவில் நட்டார்கள், யாருக்கு நிழல் கிடைத்தது என்ற கணக்கைத்தான் காணோம்.

கன்டோன்மென்டிலும் பொன்மலை ரயில்வே குடியிருப்பிலும் பழைய பெருமரங்கள் வீதிக்குக் குடை பிடிக்கின்றன. அங்கிருந்து காந்தி மார்க்கெட்டுக்கும் பாலக்கரைக்கும் வருவோர் வித்தியாசத்தை உச்சந்தலையிலேயே உணர்வர். மூட்டை சுமக்கும் தொழிலாளிக்கு நடுப்பகலில் ஒதுங்க இடமில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாட்டு சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் மாண்டவர் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் நிவாரணம் வழங்க வகை செய்தனர். இதை வரவேற்கிறோம். ஆயினும், மாண்ட பின் தரும் பணத்தினும் உயிரோடிருக்கையில் தரும் நிழல் மேலானதன்றோ?

2022ல் துவங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் காடும் மரமும் அடர்ந்த பரப்பை 33 சதவிகிதமாக்க விழைகிறது. நோக்கம் உயர்ந்ததே. ஆனால் சராசரி நிழல் எவன் தலைக்கும் குடையாகாது.

பகிர்ந்தளிக்க வழியுண்டு. பச்சை இலை சிவப்பொளியை உட்கொண்டு, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பொளியைத் திருப்பி வீசும். செயற்கைக் கோள்கள் இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பசுமையை அளக்கின்றன. சென்டினல் கோளின் 10 மீட்டர் நுட்பமுள்ள படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன; லாண்ட்சாட் கோள் தரையின் சூட்டையும் காட்டும். இவற்றுடன் ஜன நெருக்கத்தையும் வறுமையையும் சேர்த்து, அமெரிக்காவில் ‘அமெரிக்கன் ஃபாரஸ்ட்ஸ்’ என்ற சங்கத்தார் 2021ல் பேட்டைதோறும் நூற்றுக்கு இத்தனை என மதிப்பிட்டு வெளியிட்டனர். 2022 தேர்தலில் 65 வார்டுகளாக வகுக்கப்பட்ட நமது நகரத்துக்கு இஃது இயலாத காரியமன்று.

எனினும் படத்தைக் கண்மூடி நம்பலாகாது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கம் தீவு வானிலிருந்து நோக்கின் வாழையும் தென்னையுமாய்ப் பசுமையாகவே தோன்றும். வாழைத் தோட்டத்தின் பசுமை, சித்திரைத் தேர் காண வீதியில் நிற்கும் பக்தனுக்கு நிழல் தருமா? ஆகையால் படம் வரைந்தபின் தெருத்தெருவாக நடந்தும் பார்க்க வேண்டும். 1975ம் வருஷத்து மகாராஷ்டிர நகர மரப் பாதுகாப்புச் சட்டம் ஐந்து வருஷத்துக்கொரு முறை மரக் கணக்கெடுப்பை நகரசபைகளின் கடமையாக்கிற்று. அத்தகைய கடமை இங்கும் வேரூன்ற வேண்டும்.

நாம் வேண்டுவன மூன்று. வார்டுவாரியாக நிழற்படம் தயாரித்து, ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன் ஜனங்களின் பார்வைக்கு வைக்க வேண்டும். நிழல் குறைந்த வார்டுக்கே கன்றும் பணமும் முதலில் செல்ல வேண்டும். தேரோடும் வீதியிலும் குறுகிய சந்திலும் இடமில்லையெனில், அருகிலுள்ள பள்ளிக்கூடம், வாய்க்காற்கரை, பஸ் நிறுத்தம் ஆகியவற்றில் நட்டு, வேர் பிடிக்கும்வரை நீரூற்றும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

புன்னையைத் தலவிருக்ஷமாகக் கொண்ட ஸ்ரீரங்கத்துக்கும், வெண்ணாவலைப் போற்றும் திருவானைக்காவுக்கும் மரத்தின் மகிமையை எடுத்துரைக்கத் தேவையில்லை. ஒரே வரி விதிப்புக்கு உட்பட்ட பிரஜைகளில் சிலர் நிழலிலும் பலர் வெயிலிலும் நடப்பது நியாயமாகாது. மாநகராட்சியார் படத்தை விரிக்கட்டும். எந்தெந்தத் தெரு வெறுமையாயிருக்கிறதென்று ஜனங்கள் விரல் வைத்துக் காட்டுவார்கள்.