பணிக்காலம் என்ற ஒரு சொல்

நோயால் வேலையிழக்கும் தற்காலிகத் தொழிலாளிக்கு ஓய்வூதிய உரிமை ஏட்டில் இல்லாமல் இல்லை. வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த 1995ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில், அவர் பெயரில் ஒரு மாதச் சந்தா செலுத்தப்பட்டிருந்தாலே போதும். பணிக்காலத்தில் நிரந்தரமாக, முழுமையாக முடங்கினால் ஓய்வூதியம் உண்டு. பத்தாண்டுப் பணி தேவையில்லை. முடக்கம் பணியிடத்தில் நேர்ந்திருக்க வேண்டியதுமில்லை. தாராளமான விதிதான்.

சிக்கல் ‘பணிக்காலத்தில்’ என்ற சொல்லில் இருக்கிறது. நிரந்தர ஊழியர் மருத்துவ விடுப்பில் இருந்தபடியே மருத்துவக் குழுவின் முன் செல்கிறார். நுரையீரல் நோயில் படுத்த ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரின் பெயரோ அடுத்த மாதப் பட்டியலிலேயே இருப்பதில்லை. முடக்கம் பணியின்போதே நேர்ந்தது என்று மெய்ப்பிக்கும் சுமை அவர் தலையில் விழுகிறது. 2014 முதல் வழங்கப்படும் குறைந்தபட்ச 1,000 ரூபாயும் (எத்தனை நாள் மருந்துக்குக் காணும்?) கைநழுவுகிறது. கடைசிச் சந்தாவிலிருந்து ஓராண்டுக்குள் உறுதிசெய்யப்படும் முடக்கத்தையும் பணிக்கால முடக்கமாகவே ஏற்க வேண்டும் என்கிறேன்.