சென்னையைவிட தாஷ்கண்ட் பக்கம்தான்... ஆனா இண்டிகோவால் ஏன் போக முடியல?

டெல்லியில் இருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 1,760 கி.மீ. உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்ட் அதைவிடப் பக்கம். சுமார் 1,600 கி.மீ.தான். நேராகப் பறந்தால் கிட்டத்தட்ட மூணு மணி நேரம். ஆனா அந்த நேர்கோடு பாகிஸ்தான் மேல போகுது. அங்கதான் சிக்கல்.

பஹல்காம் தாக்குதலைத் தொடர்ந்து, 2025 ஏப்ரல் 24-ல் இந்திய விமான நிறுவனங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது பாகிஸ்தான். இனி அரபிக்கடல், ஈரான் வழியா சுத்தணும். இண்டிகோவிடம் இருந்த விமானங்களுக்கு அது எட்டாத தூரம். தாஷ்கண்ட், அல்மாட்டி சேவைகளை அந்த மாதக் கடைசியிலேயே நிறுத்தியது. ஏர் இந்தியாவின் பெரிய விமானங்கள் ஐரோப்பாவுக்கு சுத்திப் போயின. எரிபொருளும் நேரமும் கூடுதல்.

வேடிக்கை என்னன்னா, மற்ற நாட்டு நிறுவனங்களுக்கு இந்தத் தடை இல்லை. அதே டெல்லி, அதே ஊர், ஆனா பயண நேரம் வேற. டிக்கெட் போடும்போது விலையோடு இதையும் பார்த்துக்கோங்க.