உவர் மண்ணிற் படரும் பூண்டு: எதிர்பார்க்கத் தக்கதும் தகாததும்

கல்யாண் நகரின் ஓரத்தில் உல்ஹாஸ் ஆறு கடலின் ஏற்றவற்றத்திற்கு உட்பட்ட கழியாக மாறிவிடுகிறது. துர்காடிக் கோட்டையின் அடிவாரம் முதல் தாணா வரையில் கரையோரத் தாழ்நிலங்கள் பலவும் உவர்ப்பேறியவை. மராத்தி மொழியில் இவற்றைக் 'கார்' நிலம் என்பர். இத்தகைய நிலத்திற் புற்றரை அமைத்து, கோடையில் அதற்குக் குடிநீர் இறைப்பதைக் காட்டிலும் வீண் செலவு வேறில்லை. அம்மண்ணுக்கு உரிய தரைமூடி வேறொன்று உண்டு. அது செசூவியம் போர்ட்டுலாகாஸ்ட்ரம் என்னும் பூண்டு. கரைதோறும் இதற்குப் பெயர் மாறுவதால் தாவரவியற் பெயரையே இங்கு ஆளுதல் நன்று.

இதனைச் சாரணையுடனும் பருப்புக்கீரையுடனும் மயங்குவோர் மிகப் பலர். பருப்புக்கீரையின் பூ மஞ்சள் நிறம். அதன் இலைகள் பெரும்பாலும் மாறிமாறி அமைந்தவை. சாரணையில் இலைகள் எதிரெதிராக இருப்பினும் ஒன்று பெரிது, மற்றது சிறிது, பூவுக்குக் காம்பில்லை. செசூவியத்திலோ எதிரிலைகள் ஏறக்குறைய ஒத்த அளவின; பூ காம்புடன் இளஞ்சிவப்பு விண்மீன் போல் மலரும். அந்நிறம் அல்லிவட்டத்தினது அன்று, புல்லிவட்டத்தின் உட்புறத்தது. மாணவர்க்குக் காட்டத்தக்க நல்ல எடுத்துக்காட்டு இது.

வளர்ப்பது எளிது. மூன்று நான்கு கணுக்கள் உள்ள தண்டுத் துண்டுகளை வெட்டி, இரண்டு கணுக்கள் மண்ணுள் மறையுமாறு ஓரடி இடைவெளியில் ஊன்றினாற் போதும், கணுதோறும் வேர்விடும். பருவமழை மேல்மண்ணின் உப்பைக் கீழே கழுவிவிட்டிருக்கும் செப்டம்பர் மாதமே ஊன்றுவதற்கு ஏற்றது. வெயில் ஏறி உப்பு மீண்டும் மேலெழுவதற்குள் வேர் நிலைத்துவிடும். வேர் பிடிக்கும் வரையிற் சிறிது நீர், நாள் முழுதும் வெயில் என்பவையே அதன் தேவை. நிழலிற் கொடி நீண்டு மெலியும். ஓயாது மிதிபடுவதைத் தாங்காது. எனவே விளையாட்டிடத்திற்கு இது ஆகாது.

இனி இப்பூண்டின் பெரும்புகழுக்கு வருவோம். டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தினரும் புணேப் பல்கலைக்கழகத்தினரும் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்று, உவர்நிலத்திற்கு இதனை நம்பிக்கையூட்டும் தாவரமாகக் காட்டியது. அதற்கு முன்னரே 2007ஆம் ஆண்டில் தமிழகத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டனர். ஒரு ஹெக்டேர் உவர்நிலத்திலிருந்து நான்கு மாதத்தில் இப்பூண்டு 474 கிலோ சோடியம் குளோரைடை எடுக்கவல்லது என்பது அவர்தம் மதிப்பீடு. இவ்வெண்ணைக் கேட்டவுடன், நட்டுவிட்டால் நிலம் திருந்திவிடும் என்று பேசத் தலைப்படுவோர் உளர். அப்பேச்சு பொருந்தாது.

கணக்கிட்டுப் பார்க்கலாம். 474 கிலோ என்பது ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிராம். பள்ளி வளாகத்தில் 20 சதுர மீட்டர்ப் பாத்தி இருப்பின், நான்கு மாதத்திற் கிடைப்பது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. ஆகவே, 27 லிட்டர் கடல்நீர், அதாவது இரண்டு குடம், கசிந்து உட்புகுந்தால் நான்கு மாத உழைப்பும் போயிற்று! கரையிலுள்ள உடைப்பை அடைக்காமற் பூண்டை நடுவது ஓட்டைப் பானையில் நீர் மொள்வது போலாம். முதலிற் கரை, அடுத்து வடிகால், அதன் பின்னரே பூண்டு.

மற்றொன்றும் மறக்கப்படுகிறது. உப்பு அழிவதில்லை, வேர் உறிஞ்சியது இலையின் உயிரணுக்களில் உள்ள குமிழிகளுள் தங்குகிறது. இலை உதிர்ந்து மட்கினால் உப்பு வந்த இடத்துக்கே திரும்பும். கொடியை இரண்டங்குலம் விட்டு அறுத்து, பாத்திக்கு வெளியே கொண்டுபோதல் இன்றியமையாதது. அறுத்ததை அதே பாத்திக்கு உரமாக இடுவது செய்த வேலையைத் தாமே அழிப்பதாகும்.

இப்பூண்டைப் பல நாடுகளிற் கீரையாக உண்கின்றனர் என்பது மெய். ஆயினும் கல்யாண்பக்கத்துக் கழிக்கரையிற் பறித்ததை உண்ணலாகாது. அம்பர்நாத், உல்ஹாஸ்நகர் ஆகிய தொழில் நகரங்களின் கழிவுநீரைச் சுமந்து வால்துனி ஆறு அங்கேதான் வந்து கலக்கிறது. காட்மியம் போன்ற உலோகங்களையும் இப்பூண்டு தன் இலையில் ஏற்றிக்கொள்ளும் எனத் துனீசிய நாட்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டியுள்ளனர். சத்துணவுப் பாடத்தில் இதனைச் சேர்க்க விழையும் ஆசிரியர்கள் இதனைக் கருத வேண்டும். அறுத்த கொடியை ஆட்டுக்கு இடுவதும் அவ்வாறே தவிர்க்கத்தக்கது.

நாற்றுக்காகக் கண்டற்காட்டினுள் மாணவரை இறக்குவதும் கூடாது. மகாராஷ்டிரத்துக் கண்டற்காடுகளை அழிப்பதற்கு பம்பாய் உயர்நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் முற்றத் தடை விதித்துள்ளது. சேற்றைப் பிணைத்து நிற்கும் பூண்டும் அக்காட்டின் உறுப்பே. ஒரு பள்ளியில் நன்கு படர்ந்த பாத்தியின் அறுப்பிலிருந்தே அடுத்த பள்ளிக்குத் துண்டுகள் கொடுக்கலாம்.

பூண்டு பயன் தந்ததா என்பதைப் பசுமையைக் கண்டு முடிவு செய்தல் தவறு. உப்பு மேலெழுந்து நிற்கும் மே மாதத்தில், பாத்தியினுள் ஒரு பிடியும் வெளியே ஒரு பிடியும் ஒரே ஆழத்தில் மண்ணெடுத்து, மண் பரிசோதனை நிலையத்தில் மின்கடத்துதிறன் அளந்து, அவ்விரண்டு எண்களையும் ஆண்டுதோறும் ஒரே ஏட்டிற் குறித்து வருதல் வேண்டும்.