"பால் பல்தானே, விழுந்துடும்" - இந்தப் பேச்சை நம்ம கோயில் வாசலோடு நிறுத்துவோம்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகக் கடைசி வரைக்கும் படிங்க. கோபம் வந்தாலும் பரவாயில்லை, முழுசா படிச்சிட்டு கோபப்படுங்க.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஏழு வயசுப் பையன் ஒருத்தன் வாங்கிட்டு சாப்பிடாமல் நின்றான். வலது கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழே வரைக்கும் சிவந்திருந்தது. அம்மாவைக் கேட்டோம். "நாலு நாளா பல் வலிண்ணே. பால் பல்தானே, விழுந்துடும். கிராம்பு எண்ணெய் வச்சேன். ராத்திரி தூங்கலன்னு என்னோட மாத்திரையில பாதி கொடுத்தேன். ஐயர்கிட்ட விபூதி போட்டுக்கலாம்னு வந்தோம்" என்றார்.

அந்த அம்மாவை நாங்கள் குறை சொல்லவில்லை. சுற்றி நின்ற பெரியவங்க அஞ்சு பேர் என்ன செய்தோம்? ஒருத்தர் உப்புத் தண்ணி என்றார். இன்னொருத்தர் வேப்பங்குச்சி என்றார். "இது ஆபத்து, கிளம்புங்க"ன்னு ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் நம்ம மகளிர் தொண்டர் ஒருவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் கொதிக்குதுன்னு சொல்லி, காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிள்ளை இப்போது நல்லா இருக்கிறான். முருகன் புண்ணியம். ஆனால் நாலு நாள் அவன் பட்ட வலிக்கு முருகன் பொறுப்பில்லை. நாம்தான் பொறுப்பு.

பால் பல்தானே என்கிறோம். முன்பற்கள் ஆறு, ஏழு வயசில் விழும், சரி. பின்னால் இருக்கிற பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயசு வரைக்கும் வாயில் இருக்க வேண்டியவை. அதற்கு அடியில்தான் நிரந்தரப் பல் வளர்ந்துகொண்டிருக்கிறது. மேலே சீழ் பிடித்தால் கீழே இருக்கிற பல்லும் கெடலாம். இன்னொன்றும் தெரிஞ்சுக்கோங்க. ஆறு வயசு வாக்கில் எல்லாவற்றுக்கும் பின்னால் புதுசாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் நிறைய பேர் அதையும் பால் பல் என்றே நினைக்கிறோம். அது நிரந்தரப் பல். போனால் போனதுதான்.

பல் வலியில் யாராவது சாவாங்களான்னு கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் டியாமான்டே டிரைவர் என்று ஒரு பையன், 12 வயசு. சொத்தைப் பல்லில் வந்த சீழ் மூளைக்குப் பரவியது. இரண்டு முறை மூளையில் அறுவைச் சிகிச்சை செய்தும் 2007 பிப்ரவரியில் இறந்துபோனான். அந்தப் பல்லைப் பிடுங்க 80 டாலர் போதும் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அந்தக் குடும்பத்துக்குக் காசும் இல்லை, காப்புறுதியும் இல்லை. நமக்கு அந்தச் சாக்கும் கிடையாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பல் கிளினிக்கில் இலவசமாகவே பார்க்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கே பல் குழு வருகிறது. வீட்டுக்கு வரும் அனுமதி பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டியதுதான் நம்ம வேலை. "ஐயோ, பிள்ளை பயப்படுவான், பல்லைப் பிடுங்கிடுவாங்க"ன்னு கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிற பெற்றோர் நம்ம கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். எத்தனை பேர் என்று எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஓட்டி இருக்கு, லீவு கிடைக்காது என்கிறீர்கள். நாங்களும் ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்கள்தான். மெஷினில் சத்தம் வந்தால் உடனே லைனை நிறுத்துகிறோம். உடையட்டும், அப்புறம் பார்க்கலாம்னு விட்டால் செலவு பத்து மடங்காகும்னு தெரியும். மெஷினுக்குக் கொடுக்கிற மரியாதையைப் பிள்ளையின் வாய்க்குக் கொடுக்கக் கூடாதா?

விபூதி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நெற்றி நிறையப் பூசுங்கள். பூசின கையோடு கிளினிக்குக்கும் போங்கள். கன்னம் வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியாமல் போவது, விழுங்க முடியாமல் எச்சில் வடிவது, கண் பக்கம் அல்லது கழுத்துப் பக்கம் வீக்கம் - இதில் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்காதீர்கள். நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

டாக்டரைப் பார்க்கும் வரை வலிக்கு என்ன செய்வது? பிள்ளைகளுக்கான பாராசிட்டமோல் கொடுக்கலாம். வயசை மட்டும் பார்க்காமல் பிள்ளையின் எடையைப் பார்த்து, பெட்டியில் போட்டிருக்கிற அளவுதான். குறைந்தது நாலு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் கூடாது. பெரியவங்க மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது, பிள்ளைகளுக்கு மூளையையும் ஈரலையும் தாக்கும் ஒரு நோயைக் கொண்டுவரலாம். மாத்திரையை நசுக்கி ஈறில் வைத்தால் ஈறு வெந்துபோகும். கிராம்பு எண்ணெயும் அப்படித்தான், அதுவும் சின்னப் பிள்ளை விழுங்கிவிட்டால் ஈரல் கெடும். மரத்துப் போகிற ஜெல்லை இரண்டு வயசுக்குக் கீழே தடவாதீர்கள். டெங்கி நம்ம ஊரில் எப்போதும் இருக்கிறது, அதனால் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேறு வலி மாத்திரை வேண்டாம்.

இப்போது எங்கள் தவறு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். போன வருஷம் மண்டபத்துப் படியில் ஓடி விழுந்து ஒன்பது வயசுப் பெண் பிள்ளைக்கு முன்பல் முழுசா கழன்று வந்தது. பல்லை நல்லா தேய்த்துக் கழுவி, டிஷ்யூவில் சுற்றி அம்மா கையில் கொடுத்தது தொண்டர்களாகிய நாங்கள்தான். பெரிய உதவி செய்த நினைப்பு. செய்தது அத்தனையும் தப்பு. நிரந்தரப் பல் என்றால் வேரைத் தொடாமல் மேல் பகுதியைப் பிடித்து எடுக்கணும். அழுக்கு இருந்தால் பாலில் லேசாக அலசணும், தேய்க்கக் கூடாது. முடிந்தால் அதே குழியில் வைத்து, சுத்தமான துணியைக் கடிக்கச் சொல்லணும். முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டு அரை மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் ஓடணும். காய விட்டால் பல் செத்துப்போகும். பால் பல் கழன்றால் மட்டும் திரும்ப வைக்கக் கூடாது, அடியில் இருக்கிற பல்லுக்குக் கேடு. உதடு, நாக்கு கிழிந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். மயக்கம், வாந்தி இருந்தால் பல்லை விடுங்கள், முதலில் ஆஸ்பத்திரி. கோயிலில் அன்றைக்கு அபிஷேகப் பால் பாக்கெட் பாக்கெட்டாக இருந்தது. ஒரு கிளாஸ் ஊற்ற எங்களுக்குத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை சிரிக்கும்போது வாயை மூடிக்கொள்கிறாள். அதைப் பார்க்கும் ஒவ்வொரு வாரமும் எங்களுக்குக் குத்துகிறது.

கடைசியாக, கோயிலைப் பற்றியும் பேசணும். தேவார வகுப்புக்கு வந்தால் மிட்டாய், பாடினால் சாக்லேட், தாகத்துக்கு சிரப் தண்ணி. சீனி அதிகம் உள்ள பானங்களுக்கு அரசாங்கம் 2019 ஜூலை 1 முதல் லிட்டருக்கு 40 சென் வரி போட்டது. நாம் அதே சீனியை அண்டாவில் கரைத்து இலவசமாகக் கொடுக்கிறோம். இதைச் சொன்னதும் "பிரசாதத்தைக் குறை சொல்றீங்களா"ன்னு சிலர் கேட்டார்கள். இல்லை ஐயா. ஒரு கை பஞ்சாமிர்தம் பிரசாதம், அதைச் சாப்பிட்டு வாயைக் கொப்புளித்தால் போதும். சிவப்புச் சாயம் போட்ட சீனித் தண்ணி எந்த ஆகமத்திலும் பிரசாதம் இல்லை.

நிர்வாகத்திடம் மூன்று விஷயம் கேட்டிருக்கிறோம். வகுப்பில் மிட்டாய்க்குப் பதில் பழமும் தண்ணியும். மண்டப முதலுதவிப் பெட்டியில் சுத்தமான துணி, ஃபிரிட்ஜில் எப்போதும் ஒரு பாக்கெட் பால். பல் அடிபட்டால் என்ன செய்வது என்று சுவரில் தமிழில் ஒரு அறிவிப்பு. செலவு பெரிசா ஒன்றும் இல்லை. உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இன்று ராத்திரி பிள்ளையின் வாயைத் திறந்து லைட் அடித்துப் பாருங்கள். கறுப்போ குழியோ இருந்தால் "விழுந்துடும்"னு சொல்லாதீர்கள். கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா 🙏

இப்படிக்கு,
கோயில் தொண்டர்கள், சுங்கை வே