'து ஃபூ ரொம்ப பிஸி!' - கோழிக்காகக் கவலைப்பட்ட சீனக் கவிஞர்

2012-ல் சீன சோஷியல் மீடியாவில் ஒரு தாத்தா செம வைரல். பாடப்புத்தகத்தில் சோகமாக வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் கவிஞர் து ஃபூவின் படத்தில் பிள்ளைகள் பேனாவால் கிறுக்கி, பைக் ஓட்ட வைத்தார்கள். கையில் துப்பாக்கி கொடுத்தார்கள். 'து ஃபூ ரொம்ப பிஸி' என்று அந்த மீம்களுக்குப் பெயர். பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். பின்னே, 'கவிதை ஞானி' என்று சீனர்கள் போற்றும் மனிதர் ஆயிற்றே!

து ஃபூவின் காலம் கி.பி. 712 - 770. 755-ல் வீடு திரும்பியவர், கைக்குழந்தை பட்டினியால் இறந்துகிடந்த செய்தியைத்தான் கேட்டார். அதே ஆண்டு வெடித்த ஆன் லூஷான் கலகம் நாட்டையே சின்னாபின்னமாக்கியது. போர், பசி, ஊர்விட்டு ஊர் ஓடுவது... தொகுப்பு நூல்கள் பெரும்பாலும் இந்தக் கவிதைகளையே எடுத்துப்போட, எப்போதும் அழுதுகொண்டிருக்கும் முகம் மட்டும் மிஞ்சியது.

அமெரிக்காவின் ஹார்வர்டு பேராசிரியர் ஸ்டீபன் ஓவன் பொறுக்கி எடுக்கவே இல்லை. கிடைத்திருக்கும் சுமார் 1,400 கவிதைகளையும் ஆங்கிலத்தில் பெயர்த்துவிட்டார். எட்டு ஆண்டு உழைப்பு, ஆறு தொகுதிகள், சுமார் 3,000 பக்கங்கள். 2016-ல் வெளியானது.

மொத்தமாகப் படிக்கும்போதுதான் வீட்டுக்குள் இருக்கும் து ஃபூ கண்ணில் படுகிறார். கடைசிக் காலத்தில் யாங்சி ஆற்றங்கரையில் குடியிருந்தார். மலையிலிருந்து மூங்கில் குழாய் வழியாக வீட்டுக்குத் தண்ணீர். குழாய் பழுதாகிவிட, பணியாள் ஒருவர் போகவர சுமார் 20 கிலோமீட்டர் வெயிலில் நடந்து சரிசெய்துவிட்டு வருகிறார். பொழுது சாய்ந்தும் சாப்பிடவில்லை. சிவந்துபோன அந்த முகத்தைப் பார்க்கவே கவிஞருக்குக் கூச்சமாகிவிடுகிறது. தனக்கென இருந்த பழத்தையும் ரொட்டியையும் பங்குபோடுகிறார். 1,250 வருடங்களுக்கு முன்பு, வேலைக்காரருக்கு ஒரு கவிதை!

இன்னொன்றில் கோழி. பூச்சி, எறும்புகளைக் கொத்தித் தின்கிறதே என்று வீட்டார் அதை விற்கச் சொல்கிறார்கள். விற்றால் கோழி அடுப்புக்குப் போய்விடுமே என்று கட்டை அவிழ்க்கச் சொல்கிறார் து ஃபூ. அவிழ்த்தால் எறும்பின் கதி? விடை கிடைக்காமல் ஆற்றையே பார்க்கிறார்.

அந்த 'பார்க்கிறார்' என்ற சொல்தான் மொழிபெயர்ப்பாளருக்குத் தலைவலி. தமிழிலும் 'நான்' என்பதை விட்டுவிடுவோம். ஆனால் 'பார்த்தேன்' என்றால் யார், எப்போது என்பது புரிந்துவிடும். சீன வினைச்சொல்லுக்கு அந்த வால் கிடையாது. பார்த்தது யார், பார்த்தாரா பார்க்கிறாரா என்று மொழிபெயர்ப்பாளர்தான் முடிவுகட்ட வேண்டும். 1915-ல் எஸ்ரா பவுண்ட், சீனம் தெரியாமலே வேறொருவரின் குறிப்புகளை வைத்து 'கேத்தே' நூலை எழுதினார். அழகான கவிதைகள்தான், அதில் பவுண்டின் குரலே ஓங்கி ஒலிக்கும். ஓவனின் வரிகள் சில இடங்களில் வறண்டு கிடந்தாலும், எதிர்ப்பக்கத்திலேயே சீன மூலம் இருப்பதால் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆறு தொகுதிகளும் பதிப்பகத்தின் தளத்தில் இலவசம். கோழியைத் தேடுபவர்கள் பின்பாதித் தொகுதிகளுக்கு நேரே போய்விடலாம்.