கண்ணாடியை மாத்த வேண்டாம், கலரை மாத்துங்க

போன மாசம் சொந்தத்துல ஒரு கல்யாணம். பத்திரிகை பிரமாதம்! சந்தனக் கலர் அட்டை, அதுல பளபளன்னு தங்க எழுத்து. அம்மா அதை ஜன்னல் பக்கம் கொண்டு போய், சாய்ச்சு சாய்ச்சுப் பார்த்துட்டு, "முகூர்த்தம் எட்டு மணிக்குடா"ன்னாங்க. நானும் வாங்கிப் பார்க்கலை. மண்டபத்துக்குப் போனா முதல் பந்தியே முடியப் போகுது. முகூர்த்தம் ஆறு மணிக்காம்!

லேட்டானது கூட பரவாயில்லை. திரும்பி வரும்போது அம்மா, "எனக்குக் கண்ணு போச்சுடா, கண்ணாடி மாத்தணும்"னு சொன்னாங்க பாருங்க, அதான் மனசுல நிக்குது.

கோளாறு கண்ணுல இல்லீங்க. கலர்ல.

எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்சத்துல எவ்வளவு வித்தியாசம்னு அளக்க ஒரு கணக்கு இருக்கு. வெள்ளையில் கறுப்பு எழுதினா 21. அதுக்கு மேல கிடையாது. இணையப் பக்கங்களுக்காக டபிள்யூ3சி 2008-ல் வெளியிட்ட விதிகளின்படி, சாதாரண எழுத்துக்குக் குறைஞ்சது 4.5, பெரிய எழுத்துக்கு 3 இருக்கணும். தங்கக் கலரை வெள்ளையில் போட்டாலே சுமார் 2 தான் வரும். சந்தனத்துல இன்னும் கம்மி. போதாததுக்கு ஜிகினா மினுமினுப்பு வேற!

வயசாக ஆக கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் மஞ்சளாகும், பாப்பா சுருங்கும், உள்ளே போற வெளிச்சமும் குறையும். எந்தக் கண்ணாடி போட்டாலும் இது சரியாகாது. நம்ம எழுத்துல புள்ளி வேற இருக்கு. அது மங்கினா 'கல்' 'கல'ன்னு ஆயிடும்.

"கலர் வேற வேறயா இருந்தா போதாதா?"ன்னு கேப்பீங்க. போதாது. பச்சையில் சிவப்பு எழுதிப் பாருங்க, ரெண்டும் எதிரெதிர் கலர்தான், ஆனா அடர்பச்சையில் கணக்கு 1.3 தான் வரும். நிறக்குருடு இருக்கறவங்களுக்கு அந்த எழுத்து இருக்கறதே தெரியாம போகலாம்.

நம்ம ரயில்வே ஸ்டேஷன் பெயர்ப் பலகையைப் பாருங்க. மஞ்சள்ல கறுப்பு. சுத்த மஞ்சள்னா 19-க்கு மேல. ஓடற ரயில்லேர்ந்தும் படிக்கலாம்.

அழகு வேணாம்னு சொல்லலை. பார்டரைத் தங்கத்துல போடுங்க, எழுத்தை மெரூன்ல போடுங்க. மெரூன் வெள்ளையில் 10-க்கு மேல வரும். சந்தேகமா இருந்தா, அச்சடிக்கும் முன்னாடி மாதிரியைச் செல்போன்ல கறுப்பு வெள்ளைப் படமா எடுங்க. அதுல எழுத்து மங்கினா கலரை மாத்துங்க.

அப்புறம், வீட்டுல வயசானவங்க யார்கிட்டயாவது குடுத்து, "மணி என்ன போட்டிருக்கு?"ன்னு கேளுங்க. முகூர்த்தத்துக்கு அவங்களும் வந்து சேரணும்ல?